மனம் விட்டுப் பேசுங்கள்: எந்தச் சொல்லில்? யாரிடம்?

கடந்த அக்டோபரில் ஓர் இரவு, இடைநிலைப்பள்ளியில் என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி புலனத்தில் கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தாள். இப்போது ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "சார், எங்க காலேஜ் இந்திய மாணவர் கழகம் மனநல வாரம் செய்யறோம். இந்த நோட்டிஸ்ல எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் குடுங்க, போதும். நாளைக்கு பிரிண்டுக்குப் போகுது." அக்டோபர் 10 உலக மனநல நாள். 1992இலிருந்து அனுசரிக்கப்படுகிறது. அதையொட்டி நம் கல்லூரிகளில் ஒரு வாரம் பச்சை ரிப்பனும் பலூனும் சொற்பொழிவும் இருக்கும். அதற்கான துண்டறிக்கை அது.

நான்கு பிழைகள் இருந்தன. திருத்தி அனுப்பினேன். வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சிறுகதையோ கவிதையோ எதை வாசித்தாலும் 'இதில் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார்' என்று கேட்டுப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் அந்த ஒரு பக்கத்தை மறுபடியும் வாசித்தேன். பிறகு வேறு கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களிடம் கேட்டு, தமிழிலும் மலாயிலும் கிடைத்த துண்டறிக்கைகளையெல்லாம் வாசித்தேன். கிட்டத்தட்ட எல்லாம் ஒரே பிரதிதான். ஆகவே, ஒரு கல்லூரியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நூல் விமர்சனத்துக்கு எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதையே இந்த வகை எழுத்துக்கும் எடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் எண்ணம்.

துண்டறிக்கைக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். நம்முடைய கவிதைத் தொகுப்புகளைவிட அதிகமான இளைஞர்களின் கைக்குப் போய்ச் சேரும் தமிழ் எழுத்து இது. மோசமான கவிதையால் யாருக்கும் ஆபத்தில்லை. இது அப்படியல்ல.

துண்டறிக்கையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நடுவில், தலையைக் கைகளில் தாங்கி மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம். 'மன அழுத்தத்தின் அறிகுறிகள்' என்று ஆறு வரி. 'மன அழுத்தத்தைக் குறைக்கும் வழிகள்' என்று எட்டு வரி. நன்றாகத் தூங்குங்கள், நிறைய தண்ணீர் குடியுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள், நேர்மறையாகச் சிந்தியுங்கள் என்று போகிறது. கடைசியில் தடித்த எழுத்தில் 'மனம் விட்டுப் பேசுங்கள்'.

முதலில் கண்ணில் படுவது, எல்லா வினைச்சொல்லும் ஏவல். இதைச் செய், அதைச் செய். ஒரு கேள்விகூட இல்லை. தூக்கமின்மையை அறிகுறியாகச் சொன்ன அதே தாள், பத்து வரி தள்ளி, 'நன்றாகத் தூங்குங்கள்' என்று அதையே மருந்தாகவும் தருகிறது. காய்ச்சலில் கிடப்பவனிடம் 'உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளாதே' என்று சொல்வதுபோல. எழுந்து குளிக்க முடியாமல் மூன்று நாளாகப் படுத்திருக்கும் ஒரு பையன் 'உடற்பயிற்சி செய்யுங்கள்' என்பதை எப்படி வாசிப்பான்? இதைக்கூடச் செய்ய முடியாதவன் நான் என்றுதான். உதவ வந்த தாள் அவனுடைய குற்றப் பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்த்துவிட்டுப் போகிறது.

இரண்டாவது, சொல். 'மன அழுத்தம்' என்பது எதைக் குறிக்கிறது? மலாய்த் துண்டறிக்கைகளில் 'தெக்கானான்' ஒன்று, 'கெமுருஙான்' வேறொன்று. பரீட்சைக்கு முன்னால் வருவது முதலாவது. பரீட்சை முடிந்த பிறகும் போகாமல், எதிலும் பிடிப்பில்லாமல், கிட்டத்தட்ட நாள் முழுவதும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆளைக் கீழே அழுத்தி வைத்திருப்பது இரண்டாவது. தமிழில் இரண்டாவதற்கு 'மனச்சோர்வு' என்ற சொல் இருக்கிறது. இருந்தும் நம் நாளிதழ்களும் வானொலியும் மேடைப் பேச்சாளர்களும் இரண்டையும் 'மன அழுத்தம்' என்றே சொல்லிப் பழக்கிவிட்டார்கள். துண்டறிக்கையும் அதே பழக்கத்தில் அசைன்மெண்ட் பதற்றத்தையும் வாழ விருப்பமில்லாமையையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளாகப் போடுகிறது. விளைவு என்ன? உண்மையிலேயே சோர்வில் கிடப்பவள் 'எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்று தாளை மடித்து வைத்துவிடுவாள். மூன்று இரவு கண்விழித்தவன் தனக்கு நோய் வந்துவிட்டதென்று பயப்படுவான்.

சரி, சொல்லைத் திருத்திவிட்டால் போதுமா? போதாது. நம் பிள்ளைகள் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "ஸ்திரெஸ்லா சார்" என்பார்கள். ஒரே சொல்தான். புத்தகம் காணாமல் போனாலும் அதுதான், உயிரை விடத் தோன்றினாலும் அதுதான். அதைத் தாண்டிப் பேச வைத்தால் வேறு வாக்கியங்கள் வரும். 'ஒன்னுமே புடிக்கல.' 'எதுக்கு எந்திரிக்கணும்னு இருக்கு.' 'நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு.' 'மண்டைக்குள்ள சத்தமாவே இருக்கு.' இன்னும் சிலருக்கு வாய் பேசாது, வயிறுதான் பேசும். "கேஸ்ட்ரிக் சார்" என்று மாதம் இரண்டு முறை கிளினிக் போய் வெள்ளை மருந்தை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனை எனக்குத் தெரியும். அவனுடைய கேஸ்ட்ரிக் வீட்டுக்குப் போனால் கூடும், பள்ளி முகாமுக்குப் போனால் நின்றுவிடும். அறிகுறிகள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இந்த வாக்கியங்களில் ஒன்றையாவது எழுதியிருந்தால், அதை வாசிக்கும் ஒருவன் 'இது என்னைப் பற்றி' என்று நின்றிருப்பான்.

இந்த விஷயத்தில் நம்மிடம் நன்றாக வேர்விட்ட சொல் ஒன்றே ஒன்று உண்டு. தஞ்சோங் ரம்புத்தான். பேராக்கில், ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை இருக்கும் ஊர். இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. மருத்துவமனையின் பெயர் மாறியது, நம் வாயில் ஊர்ப்பெயர் மாறவில்லை. "இவன் தஞ்சோங் ரம்புத்தான் கேஸுடா" என்று சொல்லாத மலேசியத் தமிழ் வகுப்பறை இருக்குமா? ஜோகூர்க்காரர்களுக்குத் தம்போய். சிங்கப்பூரில் உட்பிரிட்ஜ், அந்த மருத்துவமனை 1993இல் புவாங்கோக்கிற்கு இடம் மாறி மனநலக் கழகமான பிறகும் அந்தப் பெயர் கேலியில் உயிரோடு இருக்கிறது. போதாக்குறைக்குத் தமிழ்ச் சினிமா கீழ்ப்பாக்கத்தையும் கொண்டுவந்து சேர்த்தது. நான் வாசித்த ஒரு தமிழ்த் துண்டறிக்கையும் இந்தச் சொல்லைத் தொடவில்லை. 'மனநலம்' என்று அழகாக எழுதிவிட்டால் இது தானாக அழிந்துவிடும் என்று நம்புகிறார்கள். அழியாது. உதவி கேட்க நினைக்கும் ஒவ்வொருவர் காதிலும் முதலில் ஒலிப்பது அந்த ஊர்ப்பெயர்தான்.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. நான் கல்லூரியில் படித்தபோது விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். அதில் ஒருவன் இரண்டாம் செமஸ்டரில் வகுப்புக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். கேட்டால் தலைவலி என்பான். பகலெல்லாம் போர்வைக்குள் இருப்பான். இரவில் நாங்கள் மாமாக் கடைக்குப் போகும்போது "வரல, நீங்க போங்க" என்பான். "என்னடா, தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுக்கவா?" என்று கேட்டவன் நான்தான். அவனும் சிரித்தான். அடுத்த மாதம் அவனுடைய அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனை அழைத்துப் போனார். அவன் திரும்பி வரவில்லை. நாங்கள் மூவரும் அதைப் பற்றி ஒருநாள்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். வேலை, பிள்ளைகள் என்று நன்றாக இருந்தான். சாப்பிட்டு முடித்து வெளியே நின்றபோது அவனாகத்தான் ஆரம்பித்தான். "கவுன்சிலர் ரூம் வரைக்கும் போனேன்டா ஒருநாளு. கதவு பூட்டியிருந்துச்சு. முதல்ல ஆபிஸ்ல பாரம் எடுத்து நிரப்பிக் குடுக்கணும்னு சீட்டு ஒட்டியிருந்தாங்க. ஆபிஸுக்குப் போனா கவுண்டர்ல நம்ம செட்டுப் பையன் பார்ட்-டைம் வேலை பார்த்துக்கிட்டு இருக்கான். என்ன பாரம்னு கேட்டான். லைப்ரரி கார்டு தொலைஞ்சி போச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அந்தக் கல்லூரியிலும் அப்போது சுவரொட்டி இருந்தது. 'நாங்கள் இருக்கிறோம்' என்ற பொருளில் ஏதோ ஒரு வாசகம். அவன் அதை நம்பித்தான் போயிருக்கிறான். சுவரொட்டிக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் இருந்த ஐம்பதடியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. விழிப்புணர்வு என்று நாம் செய்வதில் பெரும்பகுதி இந்த ஐம்பதடியை அப்படியே விட்டுவிட்டு, சுவரொட்டியை மட்டும் வருடாவருடம் புதிதாக அச்சிடுகிறது.

இன்று சுவரொட்டியில் கியூஆர் குறியீடு சேர்ந்திருக்கிறது. கைப்பேசியில் அதைத் திறந்தால் 'டாஸ்-21' என்ற கேள்வித்தாள். ஆஸ்திரேலியாவில் லோவிபாண்ட் என்ற பெயர் கொண்ட இருவர் உருவாக்கி 1995இல் வெளியிட்டது. இருபத்தொரு வாக்கியங்கள், கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு பொருந்தியது என்று பூச்சியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். மலாய் மொழிபெயர்ப்பு இங்கே பரவலாகப் புழங்குகிறது. கருவியில் குறையில்லை. நோயைக் கண்டறிந்து சொல்ல அது உருவாக்கப்படவில்லை என்பதும் தெரிந்ததே. குறை, நாம் அதைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. மனநல வாரக் கூடாரத்தில் நிரப்பினால் ஒரு துணிப்பை இலவசம். கூட்டமாக நின்று, ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிரப்புகிறார்கள். அன்றிரவு அறையில் தனியாக உட்கார்ந்து உண்மையாக நிரப்புகிறவள் ஒருத்தி இருப்பாள். அவளுக்குத் திரையில் 'மிக மிகக் கடுமை' என்று சிவப்பில் வருகிறது. அடுத்து? ஒன்றும் இல்லை. 'பங்கேற்றமைக்கு நன்றி' என்று பக்கம் முடிந்துவிடுகிறது. அந்த மதிப்பெண்ணை யார் பார்ப்பார், யாராவது நாளை கூப்பிடுவார்களா, அப்பாவுக்குத் தெரிந்துவிடுமா என்று எதுவும் அங்கே எழுதியிருக்காது. பின்தொடர ஆளில்லாத இடத்தில் ஒரு சோதனையை வைப்பது, எக்ஸ்ரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு மருத்துவமனையைப் பூட்டிக்கொண்டு போவது போன்றது.

பிள்ளைகள் உண்மையில் கேட்கும் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. காசு எவ்வளவு? அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, நிபுணர் பிரிவில் 5 வெள்ளி. தனியார் ஆலோசகரிடம் ஒரு மணி நேரத்துக்கு நூற்றுக்கணக்கில் ஆகும் என்று கேள்விப்பட்டே பலர் நின்றுவிடுகிறார்கள். இந்த ஒரு வரியை எந்தத் துண்டறிக்கையிலும் நான் பார்க்கவில்லை. சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல மையங்கள் பல மாநிலங்களில் இருப்பதும் பலருக்குத் தெரியாது. ஆலோசகர் யார் வேண்டுமானாலும் ஆகிவிடலாமா? முடியாது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்தான் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். போலீஸ் பிடிக்குமா? சிரிக்க வேண்டாம், இது நிஜமான பயம். தற்கொலைக்கு முயல்பவரை ஓராண்டு வரை சிறையில் தள்ளவோ அபராதம் விதிக்கவோ இடமளித்த தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை 2023இல்தான் நம் நாடாளுமன்றம் நீக்கியது. சிங்கப்பூரில் 2020 ஜனவரியிலிருந்து அது குற்றமில்லை. சட்டம் மாறியது தெரியாமல் இன்னும் வாயை மூடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. செமஸ்டரைத் தள்ளி வைத்தால் கல்விக்கடன் என்னவாகும், ஆலோசகரிடம் போனது சான்றிதழில் வருமா என்ற கேள்விகளுக்கு அந்தந்தக் கல்லூரிதான் பதில் எழுத வேண்டும். 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்பதற்குப் பதிலாக இவற்றுக்குப் பதில் எழுதியிருந்தால் அந்தத் தாள் பத்து மடங்கு பயன்பட்டிருக்கும்.

எதிர்த்தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. "எங்க காலத்துல ஏது இதெல்லாம்? சொல்லிச் சொல்லியே புள்ளைங்களுக்கு நோயை வரவழைக்கிறீங்க" என்று ஆசிரியர் அறையில் ஒரு மூத்தவர் என்னிடம் சொன்னார். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. லூசி ஃபோக்ஸும் ஜாக் ஆண்ட்ரூஸும் 2023இல் இதே ஐயத்தை ஓர் ஆய்வுக் கருதுகோளாகவே முன்வைத்தார்கள். விழிப்புணர்வுப் பிரச்சாரம் பெருகும்போது, சாதாரண வருத்தத்தையும் சிலர் நோயாகப் பெயரிட்டுக்கொள்ளத் தொடங்கலாம், அந்தப் பெயரே அவர்களை மேலும் முடக்கலாம் என்பது அதன் சாரம். இதிலிருந்து நான் பெறுவது, பேசாமல் இருக்க வேண்டும் என்பதல்ல. துல்லியமாகப் பேச வேண்டும் என்பதுதான். எல்லாவற்றுக்கும் 'மன அழுத்தம்' என்று எழுதும் தாள்தான் அந்த மூத்தவரின் வாதத்துக்குத் தீனி போடுகிறது. மற்றபடி, இது இல்லாத நோய் என்று சொல்ல வழியில்லை. தேசிய சுகாதார ஆய்வின்படி மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6 விழுக்காடு. அந்த மூத்தவரின் காலத்திலும் அது இருந்தது. தோட்டத்து லயங்களில் அதற்குப் பேய் என்றும் செய்வினை என்றும் குடி என்றும் பெயர் இருந்தது.

என் முக்கியமான மறுப்பு வேறு. 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்ற வாக்கியம் தவறான ஆளிடம் பேசுகிறது. இருப்பவர்களிலேயே பேசுவதற்குத் தெம்பில்லாதவரிடம் போய், பேசும் பொறுப்பை ஒப்படைக்கிறது. நோயில் கிடப்பவன் எழுந்து, சொல் தேடி, கதவு தேடி, பாரம் நிரப்பி வர வேண்டும். நலமாக இருக்கும் நாம் காத்திருப்போம். 2000இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் ஆண்டனி ஜோர்மும் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சி இதைத் திருப்பிப் போட்டது. அதில் பாடம் பக்கத்தில் இருப்பவருக்கு: எப்படி அணுகுவது, எப்படிக் குறை சொல்லாமல் கேட்பது, எப்போது கூட்டிக்கொண்டு போவது. எங்கள் அறையில் மற்ற மூன்று பேருக்கு இதில் அரை மணி நேரப் பாடம் கிடைத்திருந்தால் நான் அந்தப் பஸ் டிக்கெட் கேலியைச் சொல்லியிருக்க மாட்டேன்.

கேட்பது என்பது இலக்கிய வாசகருக்குப் புதிதல்ல. தமிழில் கோபி கிருஷ்ணன் எழுதிய 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநோயுற்றவர்களின் குரல்களையே மையமாக்கிய நாவல். அதை வாசித்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் யாருக்கும் அறிவுரை சொல்வதில்லை. நம் துண்டறிக்கைகளுக்கு இல்லாதது அந்தக் காதுதான்.

அந்த மாணவிக்கு இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். "அப்ப நீங்களே எழுதிக் குடுங்க சார்" என்றாள். இருவருமாக உட்கார்ந்து, அவளுடைய தோழிகள் சொன்ன வாக்கியங்களை வைத்து ஒரு பக்கம் எழுதினோம். கூட இருப்பவரிடம் பேசும் பக்கம். அதில் ஒரு பகுதி இது:

"உன் ரூம்மேட் ரெண்டு வாரமா சரியா தூங்கல, சாப்பிடல, முன்ன புடிச்சது எதுவும் இப்ப புடிக்கலங்கிறாளா? அது சோம்பேறித்தனம் இல்ல. பக்கத்துல போய் உட்கார். 'கொஞ்ச நாளா நீ நீயாவே இல்லையே, என்ன ஆச்சு?'ன்னு கேளு. கேட்டுட்டு, அவ பேசி முடிக்கிற வரைக்கும் சும்மா இரு. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேக்கலாம். கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது. ஆமான்னு சொன்னா தனியா விடாதே. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தாலும் பரவால்ல, சொல்லு. பாரம் எடுக்க நீ போ. கதவு வரைக்கும் நீயும் கூடப் போ."

நேராகக் கேட்பதால் எண்ணம் வந்துவிடாது என்பது என் கருத்தல்ல. கேட்டால் தூண்டிவிடும் என்பது கட்டுக்கதை என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது.

கழகத்தின் செயற்குழு எங்கள் பக்கத்தை ஏற்கவில்லை. பேச்சுத்தமிழாக இருக்கிறது, திறப்பு விழாவுக்குப் பெரியவர்கள் வருகிறார்கள், 'சாகணும்' என்ற சொல்லெல்லாம் வேண்டாம் என்றார்களாம். என் எழுத்துப்பிழைத் திருத்தங்களோடு பழைய தாளே அச்சானது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. படிப்புக்கு நடுவில், சொந்தக் காசைப் போட்டு, தமிழில் ஒரு தாள் வர வேண்டும் என்று உழைத்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு முன்மாதிரியாக இதைவிட நல்ல தமிழ்த் தாள் ஒன்றை நாம் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறை எழுதுகிறவர்களாகிய நம்முடையது.

அவள் எங்கள் பக்கத்தை நகலெடுத்து, பெண்கள் விடுதியின் கழிப்பறைக் கதவுகளில் உட்புறமாக ஒட்டியிருக்கிறாள். தனியாக இருந்து வாசிக்கக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான் என்பது அவளுடைய கணக்கு. அடியில் கையெழுத்தில் எண்களும் எழுதியிருக்கிறாள்: சுகாதார அமைச்சின் ஹீல் இணைப்பு 15555, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, உடனடி ஆபத்து என்றால் 999.

அடுத்த அக்டோபருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கல்லூரிக் கழகங்களில் இருப்பவர்கள் துண்டறிக்கை எழுத உட்காரும்போது, முதலில் தங்கள் ஆலோசகர் அறைக்கு ஒருமுறை நடந்து போய்ப் பார்க்கட்டும். கதவு திறந்திருக்கிறதா, பாரம் எங்கே கிடைக்கும், கவுண்டரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு வந்து, பார்த்ததை அப்படியே எழுதட்டும்.